சல்லிசா விக்கிறதுக்கு சும்மாவே கொடுக்கலாம்

"மெட்டீரியல் காசு மட்டும் கொடுங்க, போதும்."

கைவேலை எதையாவது பொழுதுபோக்காக் கத்துக்கிட்டவங்கள்ல இந்த வாக்கியத்தைச் சொல்லாதவங்க யாராவது இருக்கீங்களா மக்களே? நானும் சொல்லி இருக்கேன். ஒண்ணு ரெண்டு தடவை இல்லை, 26 தடவை. சொல்லும்போது முகத்துல ஒரு பெருந்தன்மை வேற! கர்ணனுக்குத் தங்கச்சி மாதிரி.

இன்னிக்கு அந்த வாக்கியத்தைத்தான் கிழிக்கப் போறேன். முதல்ல கிழிபடறது நானேதான். அதனால யாரும் கோவிச்சுக்க வேணாம்.

ரங்கமணிக்கு மாயாபந்தர் போஸ்டிங். வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்துக்குத் தலைநகர். பேரு பெத்த பேரு. ஊரு என்னவோ ஒரு பஜார், ஒரு ஜெட்டி, சுத்தி கடலும் காடும். ஸ்ரீ விஜயபுரத்துல இருந்து (அதாங்க, 2024 வரைக்கும் போர்ட் பிளேர், எங்க வீட்டு வாயில இன்னும் அதுதான் வருது) சுமார் 240 கிலோமீட்டர். நடுவுல ஜாரவா மக்களோட காட்டு வழியாப் போற ரோட்டுல வண்டிங்க எல்லாம் கான்வாயாத்தான் போகணும்.

நான் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் ஆளு. சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே ஆணி புடுங்கறேன். ஒரு பொருளைச் செய்ய மொத்தமா என்ன அடக்கம் ஆகும், அதுல எந்தச் செலவு யார் கண்ணுக்கும் படாம ஒளிஞ்சுக்கிட்டு இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. இதை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி நீங்க சிரிக்கிறதுக்கு உதவும்.

வந்த புதுசுல ராஸ் தீவுக்குப் போயிருந்தோம். 2018 டிசம்பர்ல இருந்து அதுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுன்னு பேரு. வெள்ளைக்காரங்க அந்தமானை ஆண்ட காலத்துத் தலைமையிடம். அங்க ஒரு சர்ச் இடிஞ்சு நிக்குது. சுவத்தைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு மரத்தோட வேர் இறங்கி இருக்கு. பலிபீடத்துக்குப் பின்னாடி இத்தாலியில இருந்து வந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்துச்சாம். இப்ப அந்த இடத்துல ஆகாசம்தான் தெரியுது. எனக்கு உடனே காரைக்குடிப் பக்கம் பாட்டி வீடு ஞாபகம் வந்துடுச்சு. நிலைக்கு மேல சிவப்பு, பச்சை, நீலம்னு கண்ணாடி. பகல் வெயில்ல முத்தத்துத் தரையில கலர் கலரா விழும். அதை மிதிக்காமத் தாண்டித் தாண்டிப் போறதுதான் எங்க விளையாட்டு.

அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம். வீடியோ பார்த்தே கத்துக்கிட்டேன். கிளாஸ் கட்டர், இடுக்கி, சால்டரிங் அயர்ன், ஒரு குட்டி கிரைண்டர் (மாவு அரைக்கிறது இல்லைங்க, கண்ணாடி விளிம்பைத் தேய்க்கிறது) எல்லாம் ஒவ்வொண்ணா வந்து சேர்ந்துச்சு. கலர் கண்ணாடி சென்னையில இருந்து கப்பல்ல மூணு நாள் கடல்ல வந்து, அப்புறம் அந்த 240 கிலோமீட்டர் ரோட்டுல குலுங்கி வரணும். பெட்டியைத் திறக்கும்போது பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும்.

வேலை எப்படின்னு சுருக்கமாச் சொல்லிடறேன், பின்னாடி விலை பேசும்போது வேணும். முதல்ல பேப்பர்ல படம் வரையணும். ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர். கண்ணாடியில கட்டரால கோடு கிழிச்சு, அந்தக் கோட்டுல உடைக்கணும். உள்பக்கமா ஒடுங்கற கூர்மூலை கண்ணாடியில வெட்ட வராது, உடைஞ்சு போகும். அதனால படத்தையே அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திப் போடணும். அப்புறம் விளிம்பைத் தேய்ச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் சுத்தி பசை போட்ட செம்பு நாடா ஒட்டணும். ஃப்ளக்ஸ் தடவி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டரை உருக்கி எல்லாத்தையும் இணைக்கணும். கழுவி, கறுப்பேத்தி, மெழுகு போட்டுத் துடைக்கணும். அமெரிக்காவுல டிஃபனி விளக்குகளைப் பிரபலமாக்கின முறை இதுதான். ஜன்னல்ல தொங்கவிடற, ஒரு சாண் நீளமுள்ள மீன் ஒண்ணு, 22 துண்டு. எனக்கு ஆறு மணி நேரம் ஆகுது. நடுவுல கரண்ட் போனா அது தனி.

முதல் மீனை அக்கா கேட்டா, கொடுத்தேன். ரெண்டாவது மாமியாருக்கு. மூணாவதுக்கு ரங்கமணியோட ஆபீஸ்ல ஒருத்தர், "சும்மா வேணாம்மா, காசு வாங்கிக்குங்க"ன்னாரு. அப்பத்தான் அந்தப் பொன்மொழி வாயில வந்துச்சு. மெட்டீரியல் காசு மட்டும் கொடுங்க. 450 ரூபா. அவர் பத்துப் பேர்கிட்ட சொல்ல, பஜார்ல தெரிஞ்சவர் ஒருத்தர் கடை ஓரத்துல சீசனுக்கு ஒரு மேசை போட்டுக்கோன்னு இடம் கொடுத்தார்.

பக்கத்து மேசையில ஒரு அண்ணன். படாக் மரத்துல ஆமை, யானை, கிண்ணம், தட்டுன்னு செதுக்கிக் கடைஞ்சு விக்கிறவர். தாத்தா காலத்துலயே தமிழ்நாட்டுல இருந்து இங்க வந்த குடும்பம். 30 வருஷமா இதேதான் தொழில். அவரோட ஆமை ஒண்ணு 900 ரூபா. ஓட்டுல கட்டம் கட்டமா அவர் போட்டிருக்கிற கோடு, படாக் மரத்தோட அந்தச் சிவப்பு, கையில எடுத்தா கீழ வைக்க மனசு வராது.

ஒரு நாள் கர்மாடாங் கடற்கரை பார்த்துட்டு வந்த ஒரு குடும்பம். அந்தம்மா ஆமையை எடுத்தாங்க. திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. பர்ஸைக் கூடத் திறந்துட்டாங்க. அந்த நேரம் பார்த்து வெயில் என் மேசைப் பக்கம் திரும்புச்சு. நீல மீன் தகதகன்னுச்சு. "இது எவ்வளவு?" "450." ஆமையை மெதுவாக் கீழ வச்சுட்டு, "அப்ப இதுல ரெண்டு கொடுங்க"ன்னாங்க. அதே 900 ரூபா.

எனக்கு ஒரே பூரிப்பு. அண்ணன் ஒண்ணும் சொல்லலை. சாயங்காலம் மேசையை மடக்கும்போதுதான் கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? இந்த மீன் செய்ய எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஆறு மணி நேரம் ஆகும்ணே."

"அப்ப 450 எப்படிங்க கட்டும்?"

"எனக்கு இது ஹாபிதானே அண்ணே. மெட்டீரியல் காசு வந்தாப் போதும்."

அவர் சிரிச்சார். கோவமே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "நீங்க விக்கிற விலைக்கு என்னால செய்ய முடியாதுங்க மேடம். உங்களாலயும் முடியாதுங்க. வீட்டுல ரெண்டு சம்பளம் வருது, அதான் முடியுது."

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்து, கம்பெனிக்குப் போடற மாதிரியே என் மீனுக்கு ஒரு அடக்கவிலைத் தாள் போட்டேன். (இப்பச் சிரிக்கலாம். பத்து வருஷமா ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவ, தனக்குன்னு போட்டது அன்னிக்குத்தான்.)

கண்ணாடி 220. சால்டர் 150. செம்பு நாடா 50. ஆக 420. இதைத்தான் நான் "மெட்டீரியல்"னு நினைச்சு 450 வாங்கினேன்.

நான் எழுதாம விட்டது: ஃப்ளக்ஸ், கறுப்பு மருந்து, கட்டர் தேய்மானம், கிரைண்டர் தேய்மானம், கரண்ட் 60. வெட்டும்போது உடையற கண்ணாடிக்கு 50. பெட்டி, பேக்கிங் 70. கப்பல், லாரிக் கூலியில இந்த மீனோட பங்கு 100. ஆக 280. மொத்தம் 700.

ஆறு மணி நேர உழைப்பு, மணிக்கு 100 ரூபான்னு வச்சா 600. (எட்டு மணிக்கு 800 ஆச்சு. இந்தக் கூலிக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பாருங்க, வர்றாரான்னு.) ஆக மொத்தம் 1,300. லாபம்னு ஒரு பைசா இல்லாம.

1,300 ரூபா பொருளை 450-க்கு விட்டிருக்கேன். ஒரு மீனுக்கு 850 ரூபா நஷ்டம். 26 மீன், 22,100 ரூபா. அதுல 6,500 கையில இருந்த காசு. மிச்சம் 156 மணி நேரம், கிட்டத்தட்ட 20 நாள் வேலை. இதுக்குப் பேரு பெருந்தன்மை இல்லை மக்களே. ஒரு சம்பளத்தை எடுத்து, பக்கத்து மேசைக்காரரோட சோத்துல மண்ணைப் போடறதுக்கு மானியமாக் கொடுத்திருக்கேன். அரசாங்கம் பெரிய கம்பெனிக்கு இந்த மாதிரி மானியம் கொடுத்தா நாமதானே முதல்ல கத்துவோம்?

விடலை, அண்ணனோட ஆமைக்கும் போட்டேன். மரம் 250. வேலை ஒண்ணரை நாள், 12 மணி நேரம். 900-ல மரம் போக 650. மணிக்கு 54 ரூபா சொச்சம். 30 வருஷக் கைக்கு! என் பொன்மொழிப்படி அவரும் "மெட்டீரியல் காசு மட்டும்"னு சொன்னா அந்த ஆமை 250 ரூபா. அந்த வாக்கியத்தை அவரால ஒரு நாள் கூடச் சொல்ல முடியாது. சொன்னா அன்னிக்கு அடுப்பு எரியாது. சோத்துக்குத் தொழில் செய்யறவங்க யாருமே சொல்ல முடியாத ஒரு விலையை, சோத்துக்குக் கவலை இல்லாதவங்க சந்தையில கொண்டு வந்து வைக்கிறோம். அநியாயம் அதுலதான் இருக்கு.

இதைச் சொன்னா நம்மாட்கள் சும்மா இருப்பாங்களா? குடும்ப வாட்ஸப்ல, ஆபீஸ்ல, ஃபோன்லன்னு எல்லாப் பக்கமும் கேட்டாங்க. ஒவ்வொண்ணா வரேன்.

"கைவேலைக்காரங்க பிழைப்பைக் கெடுக்கிறது மெஷின்ல வர்ற பொம்மை. நீ செய்யற பத்து மீனா?"

கேக்க நியாயமா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க. 100 ரூபா பிளாஸ்டிக் பொம்மை வாங்கறவங்க அண்ணன் மேசைப் பக்கம் வர்றதே இல்லை. அவங்க அவரோட வாடிக்கை இல்லை. "கையால செஞ்சதுதான் வேணும், கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்"னு நினைச்சு வர்றவங்க சீசன்ல விரல் விட்டு எண்ணற அளவுதான். அந்த நாலு பேரைத்தான் நான் மடக்கறேன். மெஷினால அவங்களை இழுக்க முடியாது. என்னால முடியும், ஏன்னா நானும் கையாலதான் செய்யறேன். அதோட போகலை. "கைவேலைன்னா 450-தான் ஆகும்"னு அவங்க மனசுல ஒரு அளவுகோலையும் பதிச்சு அனுப்பறேன். அடுத்த ஊர்ல அவங்க கூடை பின்னறவங்ககிட்ட அதே அளவுகோலை வச்சுத்தான் பேரம் பேசுவாங்க.

"காலத்துக்கு ஏத்த மாதிரி அவங்களும் மாறணும்."

மாறலைன்னு யார் சொன்னா? இந்தத் தீவுல கைவேலைக்கான முக்கிய மூலப்பொருள்கள்ல ரெண்டு: மரம், சிப்பி. 2001-ல காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோட பட்டியல்ல பல சங்கு, சிப்பி வகைகளைச் சேர்த்தாங்க. 2002 மே மாசம் உச்ச நீதிமன்றம் இந்தத் தீவுகள்ல மரம் வெட்டறதுக்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டுச்சு. ரெண்டுமே சரியான காரியம், நான் அதை எதிர்க்கலை. கடலும் காடும் இல்லைன்னா இங்க யாருமே இல்லை. ஆனா அந்தச் சட்டங்களோட பாரம் யார் முதுகுல இருக்குன்னு பாருங்க. மரம் எங்க வாங்கினது, எந்தச் சிப்பி எதுல வருதுன்னு ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வச்சுக்கிட்டுத் தொழில் பண்றாங்க. நான்? கலர் கண்ணாடியைச் சென்னைக்கு ஒரு ஃபோன் போட்டு வரவழைக்கிறேன். ஒரு அனுமதி கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. ஓட்டப்பந்தயத்துல அவங்க கால்ல கல்லு கட்டி இருக்கு, நான் சைக்கிள்ல வரேன். இதுல அறிவுரை வேற சொல்லணுமா?

"நான் இப்பத்தான் கத்துக்கறேன். என் பொருளுக்கு முழு விலை எப்படிக் கேக்கறது?"

கேக்காதீங்க. விக்கவும் விக்காதீங்க. கத்துக்கிற காலத்துல செஞ்சதை அக்காவுக்குக் கொடுங்க, பக்கத்து வீட்டுக்குக் கொடுங்க, பிள்ளையோட டீச்சருக்குக் கொடுங்க. சால்டர் கோடு கோணலா இருந்தாலும் அவங்க ஜன்னல்ல மாட்டி வச்சுக்குவாங்க. இனாம் சந்தையைக் கெடுக்காது. ஏன்னா அதுல விலைச்சீட்டே இல்லை. அது உறவுக்குள்ள போற பொருள், மொய் மாதிரி, பலகாரம் மாதிரி. தீபாவளிக்கு நீங்க பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கொடுத்தா ஸ்வீட் ஸ்டால்காரர் அழ மாட்டார். ஆனா அவர் கடை வாசல்லயே நின்னு, பாதி விலைக்குக் கிலோ கணக்குல வித்தா?

அதனால என் கட்சி இதுதான்: சும்மா கொடுங்க, இல்லைன்னா சரியான விலைக்குக் கொடுங்க. நடுவுல நிக்காதீங்க.

"அப்ப சம்பளக்காரங்க கைப்பொருளே விக்கக் கூடாதுங்கறியா?"

அப்படி எங்க சொன்னேன்? தாராளமா வில்லுங்க. உங்க மணி நேரத்துக்குக் கூலி போட்டு வில்லுங்க. சோத்துக்கு அந்தக் காசு தேவையில்லைன்னா வாங்கி உண்டியல்ல போடுங்க. ஆனா விலைச்சீட்டுல அது இருக்கணும்.

கூலியோட உடம்புக் கணக்கும் உண்டு. நான் உருக்கற சால்டர்ல 40 பங்கு ஈயம். சால்டர் உருகற சூட்டுல ஈயம் ஆவியாப் பெருசா வராது. கண்ணைக் கரிக்கிறது ஃப்ளக்ஸ் புகை. ஆனா கையில ஒட்டின ஈயம் சோத்தோட உள்ள போனா விஷம். சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல ரொம்பவே ஜாக்கிரதை. அதனால தனி மேசை, தனித் துணி, கை கழுவாம ஒரு வாய் தண்ணி கிடையாது. மரம் கடையறவங்களுக்கு நுரையீரல்ல தூள் போகுது. இதெல்லாம் எந்த "மெட்டீரியல்" கணக்குல வருது சொல்லுங்க?

"கலைக்கு விலை வச்சா அது வியாபாரம் ஆயிடும்." இதைச் சொன்னது எங்க சித்தப்பா. டொரண்டோவுல இருக்கார். வீட்டுல டிஃபனி ஸ்டைல் விளக்கு ஒண்ணு, பெரிய கடையில வாங்கினது. அங்க பேரம் பேசினாரான்னு கேட்டேன். அது பிராண்டும்மான்னார்.

சரி, அந்த பிராண்டோட கதையைக் கொஞ்சம் கேளுங்க. டிஃபனி கம்பெனியில பெண்களுக்குன்னு தனியா ஒரு கண்ணாடி வெட்டும் பிரிவு இருந்துச்சு. அதுக்குத் தலைவி கிளாரா டிரிஸ்கால். விஸ்டீரியா, தட்டாம்பூச்சின்னு புகழ்பெற்ற பல விளக்குகளோட வடிவமைப்பு அந்தம்மாவுது. விஸ்டீரியா ஒண்ணுக்கு சுமார் 2,000 கண்ணாடித் துண்டு. நூறு வருஷம் கழிச்சு அவங்க வீட்டுக்கு எழுதின கடிதங்கள் வெளிய வந்து, 2007-ல நியூயார்க்ல கண்காட்சி வச்ச பிறகுதான் உலகத்துக்கே இது சரியாத் தெரிஞ்சுது. அதுவரைக்கும் புகழ் எல்லாம் முதலாளி பேருக்கு. பிராண்டுன்னா ஆகாசத்துல இருந்து விழறது இல்லை சித்தப்பா. அதுக்குள்ளயும் ஒரு கை இருக்கு, அதுக்கும் மணிக்கணக்கு இருக்கு. பெரிய கடையில அந்தக் கைக்குப் பேரு இல்லை. சின்ன மேசையில கை கண்ணு முன்னாடி நிக்குது, அதுக்கு விலை இல்லை.

"தொழில் எல்லாம் அவ்வளவு சுலபமா அழிஞ்சுடாது" அப்படின்னும் ஒரு வேதாந்தம் உண்டு. இங்கிலாந்துல ஹெரிடேஜ் கிராஃப்ட்ஸ்னு ஒரு அமைப்பு, அழியற கைத்தொழில்களுக்கு ஒரு சிவப்புப் பட்டியல் போடறாங்க. 2023 பட்டியல்ல, நான் பொழுதுபோக்காச் செய்யற இந்த வேலையோட மூலத்தொழிலான பாரம்பரிய ஸ்டெயின்ட் கிளாஸ் ஜன்னல் தொழிலை ஆபத்துல இருக்கிறதா சேர்த்திருக்காங்க. அதுக்கு வேண்டிய கண்ணாடித் தகட்டை வாயால ஊதிச் செய்யற தொழில் அந்த நாட்டுல அழிஞ்சே போச்சுன்னு அதே பட்டியல்ல வந்துச்சு. தேவாலயத்துக்குத் தேவாலயம் வண்ண ஜன்னல் இருக்கிற தேசம் அது! வார இறுதி வகுப்புக்கும் ஆரம்பநிலை கிட்டுக்கும் அங்க ஒரு குறைச்சலும் இல்லை. என்னை மாதிரி ஆட்கள் பெருகறதும் தொழில் பிழைக்கிறதும் ஒண்ணு இல்லைங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?

இப்ப வெளியூர்ல, வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. (நானும் அதுல ஒருத்திதான்.) நாம யாரு? டப்ளின்ல, டல்லாஸ்ல, சிங்கப்பூர்ல, சனிக்கிழமைச் சந்தையில ஒரு வெள்ளைக்காரம்மா செஞ்ச சோப்புக்கட்டியைச் சொன்ன விலைக்கு வாங்கி, "கையால செஞ்சதாம்"னு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டறவங்க. அதே நாம லீவுக்கு ஊருக்கு வந்தா, மாமல்லபுரத்துல கல் பிள்ளையாரைப் பாதி விலைக்குக் கேப்போம். பத்தமடைப் பாயைத் தடவிப் பார்த்துட்டு, "கோரைப்புல்லுக்கா இவ்வளவு?"ன்னு கேப்போம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கைப் பித்தளை எடைக்கு விலை போடுவோம். இதுவும் அதே "மெட்டீரியல் காசு மட்டும்"தான். வாங்கற பக்கம் நின்னுக்கிட்டு சொல்றோம், அவ்வளவுதான் வித்தியாசம். புல்லுக்கும் பித்தளைக்கும் விலை உண்டு, விரலுக்குக் கிடையாது.

நம்ம பெண்கள் கிட்ட இன்னும் கொஞ்சம் உரிமையாப் பேசறேன். விசா இல்லாம, வேலைக்குப் போக முடியாம வீட்டுல இருக்கிற தோழிகள் எத்தனையோ பேர் தையல், நகை, கேக், கண்ணாடி, டெரகோட்டான்னு அருமையாச் செய்யறீங்க. (விக்கறதுக்கு உங்க விசா இடம் கொடுக்குதான்னு முதல்ல பார்த்துக்குங்க.) விலை கேட்டா மட்டும் ஏன் கூசறோம்? "காசுக்காக இல்லைங்க, சும்மா டைம்பாஸ்." நம்ம நேரத்துக்கு விலை இல்லைன்னு நாமே ஊருக்குச் சொல்றோம். அதுக்கப்புறம் வீட்டுல சமையலுக்கும் துணிக்கும் யாரு மதிப்புக் கொடுப்பா? என் மீனுக்குக் கூலிக் கட்டத்தைக் காலியா விட்டப்போ, அண்ணனை மட்டும் நான் கீழே இறக்கலை. என்னையும் சேர்த்துத்தான் இறக்கிக்கிட்டேன்.

அப்புறம் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. அடுத்த வாரமே மீனுக்கு 1,300-னு சீட்டு ஒட்டினேன். முதல் மூணு மாசத்துல போனது நாலே நாலு. பொய் சொல்லலை, வலிச்சுது. 450-க்கு வாங்கின ஒருத்தர், "மேடம் இப்ப பெரிய வியாபாரி ஆயிட்டாங்க"ன்னு பஜார்ல வச்சே சொன்னார். சிரிச்சுக்கிட்டேன். அண்ணனோட ஆமை அதனால தினம் பத்து வித்துச்சான்னா, அதுவும் இல்லை. சீசன் சுமார்தான். ஆனா ஆமையைக் கையில எடுத்த ஒருத்தரும் என் மேசையைப் பார்த்துட்டு அதைக் கீழ வைக்கலை. எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான் மாறி இருக்கு.

நடுவுல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை பண்ணினோம். என் கண்ணாடிப் பலகைக்கு அவர் படாக்ல சட்டம். அவருக்கு 5 மணி நேரம், எனக்கு 9. கூலி எப்படிப் பிரிக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப, "ஒரே கூலியா வச்சுக்கலாம் மேடம்"னார். அதெப்படிண்ணே, 30 வருஷக் கைக்கும் ரெண்டு வருஷக் கைக்கும் ஒரே கூலியா? அவருக்கு மணிக்கு 150, எனக்கு 100. பொருள் செலவு 1,200, கூலி 750-ம் 900-மா 1,650. மொத்தம் 2,850. விலைச்சீட்டுல கணக்கை அப்படியே தமிழ்லயும் ஹிந்தியிலயும் எழுதித் தொங்கவிட்டோம். இதுவரைக்கும் ரெண்டு போயிருக்கு. ரெண்டு பேரும் சீட்டைப் படிச்சுட்டுப் பேரமே பேசலை.

மூணாவது ஆள் பேரம் பேசலாம். பேசினாலும் 2,850-தான்.

சித்தப்பா அடுத்த மாசம் குடும்பத்தோட அந்தமான் வர்றாராம். "உன் மீன் ஒண்ணு எடுத்து வை, சொந்தக்காரனுக்கு என்ன ரேட்டு?"ன்னு கேட்டிருக்கார். சொந்தக்காரங்களுக்கு இனாம் சித்தப்பா, ரெண்டாவே எடுத்துக்குங்க. ஆனா பக்கத்து மேசை ஆமை 900 ரூபா. அதுல மட்டும் பத்து ரூபா குறைச்சுக் கேட்டீங்கன்னா மீனைத் திருப்பி வாங்கிடுவேன், சொல்லிட்டேன் :-)

கரண்ட் வந்துடுச்சு. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணணும். வரட்டா?